இளம்புழுவும் குறைமாதக் குழந்தையின் குடலும்

குழந்தை பிறந்த பதின்மூன்றாவது நாள், காலை ஆறு மணி இருக்கும். குறைமாதக் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரில் கிடந்தவளின் வயிற்றைச் சுற்றி நர்ஸ் டேப்பை வைத்து அளந்தார். ராத்திரி கேஸ் ஷீட்டில் 21 செ.மீ. என்று எழுதியிருந்தது. இப்போது 23. இன்னொரு முறை அளந்தார். அதே 23. வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டிருந்த மெல்லிய குழாயில் சிரிஞ்சைச் செருகி மெதுவாக இழுத்தார். பால் வரவில்லை, பாசி நிறத்தில் நீர் வந்தது. "பச்சையா வருது, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை. அந்தக் குரலில் இருந்த அவசரம் மட்டும் புரிந்தது.

அவள் என் அண்ணன் மகளின் குழந்தை. 30 வாரத்தில், எங்கள் ஊர்க் கணக்கில் ஏழரை மாதத்தில், 1,200 கிராமில் பிறந்தவள். கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க வீட்டுப் பெண்களை மாற்றி மாற்றி உள்ளே விடுவார்கள். அன்று என் முறை.

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே வந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குடலுக்குள் காற்று இருப்பது இயல்பு. இங்கே குடலின் சுவருக்குள்ளேயே காற்று புகுந்திருந்தது. சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழிகள், சோப்பு நுரை காய்ந்த தடம் போல. "நெக் மாதிரி இருக்கு. பாலை நிறுத்திடலாம். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறோம். ஆபரேஷன் வேணுமான்னு ரெண்டு நாள்ல தெரியும்" என்றார்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள் கேட்ட முதல் கேள்வி இது: "நான் எதைச் சாப்பிட்டதால இப்படி ஆச்சு அத்தை?"

பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததையும், அவளிடம் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

நெக் என்பது நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் என்ற நீண்ட பெயரின் சுருக்கம். குடல் வீங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, திசு செத்து அழுகிப்போகும் நோய். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலையும் தாக்கும். முற்றினால் குடலில் ஓட்டை விழும். 1,500 கிராமுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வருகிறது. வந்தவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் பிழைப்பதில்லை. அறுவை சிகிச்சை வரை போனவர்களில் இழப்பு இதைவிட அதிகம். நோயின் தீவிரத்தை மூன்று நிலைகளாகப் பிரித்து மார்ட்டின் பெல் என்ற மருத்துவர் 1978-இல் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் மருத்துவர்கள் சிறு மாற்றங்களோடு பயன்படுத்துகிறார்கள். எங்கள் குழந்தை இரண்டாவது நிலையில் இருந்தாள்.

இந்த நோயின் குணங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பிறந்த உடனே இது வருவதில்லை. கருப்பையில் இருக்கும் குழந்தைக்கும் வருவதில்லை. இன்னும் விசித்திரம், எவ்வளவு முன்னதாகப் பிறக்கிறதோ அவ்வளவு தாமதமாக வருகிறது. 25 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு மாதம் கழித்து வரலாம், 32 வாரத்தில் பிறந்ததற்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே வரலாம். பிறந்த நாளிலிருந்து எண்ணினால் இந்தக் கணக்கு ஒழுங்கில்லாமல் தெரியும். தாயின் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 29 முதல் 33 வாரத்துக்குள் வந்து நிற்கும். குடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. குழந்தை வெளியே வந்துவிட்டது என்பதற்காக அது முள்ளைத் தள்ளி வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் கடிகாரத்தின் முக்கியமான பல்சக்கரம் ஒன்றை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். டி.எல்.ஆர்.4 என்று பெயர். செல்லின் மேல் காவலாளி போல நிற்கும் புரதம். சில வகை பாக்டீரியாக்களின் வெளித்தோலில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இருக்கிறது. அதைத் தொட்டதும் இந்தக் காவலாளி சத்தம் போட்டு நோயெதிர்ப்புப் படையை எழுப்பும். பாலூட்டிகளில் இதன் வேலையை 1998-இல் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லருக்கு 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கருவிலிருக்கும் குழந்தையின் குடலில் இந்தக் காவலாளிகள் மிக அதிகம் என்பதைக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் டேவிட் ஹேக்கமின் குழுவினர் அமெரிக்காவில் காட்டினார்கள். கருப்பையில் அதற்குத் திருடனைப் பிடிக்கிற வேலை கிடையாது, கட்டட வேலை. குடலின் செல்கள் எது எதுவாக வளர வேண்டும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு. பத்து மாதம் நெருங்க நெருங்க அதன் எண்ணிக்கை தானாகக் குறையும். குழந்தை பிறந்து கிருமிகளைச் சந்திக்கும் நேரத்தில் அளவோடு இருக்கும். ஏழரை மாதத்தில் பிறந்துவிட்டால் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஊர்க் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. அத்தனை காவலாளிகளும் ஒரே நேரத்தில் கூச்சலிடுகிறார்கள். குடல்சுவர்ச் செல்கள் சாகின்றன, புண்ணை ஆற்றுகிற வேலை நின்றுபோகிறது, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு குறைந்து குழாய்கள் சுருங்குகின்றன. எக்ஸ்ரேயில் நான் பார்த்த குமிழிகள், பிளந்துபோன அந்தச் சுவருக்குள் கிருமிகள் புகுந்து உண்டாக்கிய வாயு.

மாதம் நெருங்கும்போது இந்தக் காவலாளிகளைக் குறைக்கச் சொல்வது யார்? மரபணு மாறுவதில்லை. ஆறாம் மாதத்தில் அந்தச் செல்லில் இருந்த அதே டி.எல்.ஆர்.4 மரபணுதான் பத்தாம் மாதத்திலும் இருக்கிறது. மாறுவது அதைப் படிக்கிற விதம். எபிஜெனெடிக்ஸ், தமிழில் புறமரபியல், என்ற துறை நுழைகிற இடம் இது.

எங்கள் வீடு தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம். அப்பா காலத்திலிருந்து பட்டுப்புழு வளர்க்கிறோம். அதனால் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது நான் மல்பெரித் தோட்டத்திலிருந்துதான் தொடங்குவேன். கடுகளவு முட்டை, அதிலிருந்து இலை தின்னும் புழு, கூட்டுக்குள் கூட்டுப்புழு, கடைசியில் வாயால் எதையும் தின்னாத, இறக்கை முளைத்த அந்துப்பூச்சி. நான்கும் ஒரே உயிர். நான்கிலும் ஒரே டி.என்.ஏ. புழுவில் இழை சுரக்கிற சுரப்பிக்கான பக்கங்கள் திறந்திருக்கும், இறக்கைக்கான பக்கங்கள் மூடியிருக்கும். பிறகு அது தலைகீழாகும். புத்தகம் ஒன்று, எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது என்பதே வாழ்க்கை.

சாக்கி என்கிற இளம்புழு வளர்ப்பை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஐந்து பருவங்களில் முதல் இரண்டு பருவத்துக்குத் துளிர் இலையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். 27, 28 டிகிரி வெப்பம், 85 முதல் 90 சதவீத ஈரப்பதம். அந்த ஏழெட்டு நாள் தவறிவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல இலை போட்டாலும் கூடு தேறாது. அதனால்தான் இன்று பலர் இளம்புழு மையத்தில் வளர்த்துக் கொடுத்ததை வாங்கி வருகிறார்கள். வார்மரின் முன்னால் நின்று வெப்பமானியில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு எங்கள் புழுமனைச் சுவரில் தொங்கும் வெப்பமானிதான் நினைவுக்கு வந்தது.

மரபணுவைத் திறந்து மூடும் வழிகளில் மூன்று இங்கே முக்கியம். முதலாவது மெத்தில் குறி. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த மிகச் சிறிய துண்டு அது. டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். மரபணு தொடங்கும் இடத்தில் இது நிறைய ஒட்டியிருந்தால் அந்த மரபணு பெரும்பாலும் வாயடைத்துக் கிடக்கும். (பட்டுப்புழுவில் மெத்தில் குறி மிகமிகக் குறைவு. அது பக்கங்களைத் திறந்து மூடப் பெரும்பாலும் மற்ற வழிகளையே நம்பியிருக்கிறது. உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.) இரண்டாவது ஹிஸ்டோன். நம் ஒவ்வொரு செல்லிலும் கிட்டத்தட்ட 2 மீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. அது சிக்காமல் இருக்க ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் நூல் சுற்றியது போலச் சுற்றியிருக்கிறது. சுற்று தளர்ந்தால் படிக்கலாம், இறுகினால் படிக்க முடியாது. மூன்றாவது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டித் துணுக்குகள். மரபணுவிலிருந்து செய்தி கிளம்பிய பிறகும் அதை வழிமறித்து நிறுத்தும். விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1993-இல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக 2024-இல் நோபல் பெற்றார்கள். புறமரபியல் என்ற கருத்துக்கு 1942-இலேயே பெயர் வைத்தவர் கான்ராட் வாடிங்டன்.

இந்தக் குறிகள் மரபணுவைப் போலக் கல்லில் வெட்டியவை இல்லை. உணவு, கிருமி, மருந்து, ஹார்மோன் எல்லாம் இவற்றின் மேல் கை வைக்கின்றன. குடலில் அது எப்படி நடக்கிறது என்பதற்கு எலி ஆய்வுகளில் தெளிவான தடயங்கள் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளையும் சாதாரண எலிகளையும் ஒப்பிட்டார்கள். கிருமியில்லா எலிகளின் பெருங்குடல் செல்களில் டி.எல்.ஆர்.4 மரபணுவின் மேல் மெத்தில் குறி குறைவாக இருந்தது. 2011-இல் வெளியான இந்த முடிவு சொல்வது என்ன? குடலில் குடியேறும் நல்ல கிருமிகளே, தங்களைப் பார்த்துக் கத்தாமல் இருக்கும்படி காவலாளிக்குக் குறி போட்டுவிடுகின்றன. 2015-இல் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வு, எலிக்குட்டி பால் குடிக்கும் நாட்களில் புதுச் செல்களை உண்டாக்கும் அதன் குடல் தண்டுச் செல்களில் மெத்தில் குறிகள் புதிதாக எழுதப்படுவதையும், அந்த எழுத்துக்குக் கிருமிகள் வழிகாட்டுவதையும் காட்டியது.

பால்குடி நாட்கள் என்பது குடலின் மேல் எழுதிக்கொண்டிருக்கும் நாட்கள். குறைமாதக் குழந்தைக்கு அந்த எழுத்தை எழுதுவது யார் என்று பாருங்கள். மருத்துவமனைக் கிருமிகள், ஆன்டிபயாடிக், புட்டிப்பால் மாவு. நெக் வருவதற்கு முந்தைய நாட்களில் இந்தக் குழந்தைகளின் மலத்தில் புரோட்டியோபாக்டீரியா என்ற வகைக் கிருமிகள் பெருகுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காவலாளியைச் சீண்டும் லிப்போபாலிசாக்கரைடு இவற்றின் தோலில்தான் இருக்கிறது. பிறந்த உடனே தொற்று உறுதியாகாத நிலையிலும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆன்டிபயாடிக் தொடர்ந்தால் நெக் வரும் வாய்ப்பு கூடுவதை 2009-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் குழந்தையைக் காப்பாற்றியதில் அதற்குப் பங்கு உண்டு. தேவை முடிந்ததும் நிறுத்தும் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

மனிதக் குழந்தைகளிடம் என்ன கிடைத்திருக்கிறது? மிஸ்டி குட் என்ற குழந்தை மருத்துவ ஆய்வாளரின் குழு, நெக் முற்றி அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த குடல் துண்டுகளின் டி.என்.ஏ.வைப் படித்து 2020-இல் முடிவை வெளியிட்டது. நோயுற்ற குடலின் செல்களில் டி.என்.ஏ. நெடுகிலும் மெத்தில் குறி மிகுந்திருந்தது. ஒன்றிரண்டு மரபணு மட்டும் இல்லை, புத்தகம் முழுக்கப் பக்கங்கள் ஒட்டிக்கிடந்த மாதிரி. அடுத்த ஆண்டு அதே குழு அந்தக் குறிகளின் அடையாளத்தைப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் மலத்திலும் கண்டது. குடல்சுவரிலிருந்து உதிரும் செல்கள் மலத்தோடு வருகின்றன. அவற்றிலேயே அந்த எழுத்து இருக்கிறது.

இதைப் படித்தபோது என் மனசு ஒரு நிமிடம் துள்ளியது. துணியில் துடைத்துப் போடுகிற மலத்தில் ஆபத்தின் அறிகுறி இருக்குமானால், வயிறு 21-இலிருந்து 23 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே. ஆனால் ஆசிரியை புத்தி உடனே தடுத்தது. அந்தக் குடல் துண்டுகள் நோய் முற்றிய பிறகு எடுத்தவை. அதில் தெரியும் தடம் தீ வைத்தவனுடையதா, அணைக்க ஓடியவர்களுடையதா என்று அந்தத் துண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குறி மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறி மாறியதா என்ற கேள்விக்கு, நோய் வருவதற்கு முன்பே நாள்தோறும் சேகரித்த மலத்தை வரிசையாகப் படித்துத்தான் பதில் காண வேண்டும். "மரபணு சோதனையில் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்" என்று இன்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

இனி அவளுடைய கேள்விக்கு வருகிறேன். நான் எதைச் சாப்பிட்டதால் இப்படி ஆச்சு?

தாயின் உணவு குழந்தையின் மெத்தில் குறிகளைத் தொடும் என்பது உண்மை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்துப் பரிசோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில், பஞ்சத்தைக் காணாத சகோதரர்களைவிட மெத்தில் குறி குறைவாக இருந்தது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் மழைக்காலத்தில் கருவான குழந்தைகளுக்கும் வறண்ட காலத்தில் கருவான குழந்தைகளுக்கும் குறிகளில் வித்தியாசம் இருப்பதை 2014-இல் கண்டார்கள். அந்தந்தப் பருவத்தில் தாய் சாப்பிடக் கிடைப்பதும் அதற்கேற்ப அவள் ரத்தத்தில் இருக்கும் சத்தும் மாறுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். மெத்தில் துண்டு உடம்பில் உண்டாக ஃபோலிக் அமிலம், பி12, கோலின் போன்றவை வேண்டும். கீரையிலும் பயறிலும் முட்டையிலும் பாலிலும் இருப்பவை அவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கறுப்பாக மலம் போகிறது, குமட்டுகிறது என்று அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அதை விழுங்கச் சொல்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு.

ஆனாலும் அவளிடம் நான் உறுதியாகச் சொன்னது இது: நீ சாப்பிட்ட எதனாலும் இது வரவில்லை. காம்பியாவிலிருந்து இந்த வராந்தா வரைக்கும் ஒரே கோடு போட முடியாது. ஒரு கர்ப்பிணி ஒரு நாள் களி தின்றாள், ஒரு நாள் பட்டினி கிடந்தாள், மாம்பழம் தின்றாள் என்பதால் குழந்தையின் குடல் அழுகாது. நம் ஊரில் எது நடந்தாலும் பழி பெண்ணின் தலையில்தான் வந்து விழும். புறமரபியல் என்ற பெயரில் அந்தப் பழிக்கு ஒரு புதுக் கம்பு செய்து கொடுக்க நான் தயாரில்லை. கணக்குக் கேட்க வேண்டுமானால், பெண் படிப்பை முடிக்குமுன் கல்யாணம் செய்து வைக்கிறவர்களையும், ரத்தசோகையோடு கர்ப்பிணியை ஏழாம் மாதம் வரை களையெடுக்க அனுப்புகிறவர்களையும், தூளி கட்டித் தூக்கி வந்தால்தான் ரோட்டைப் பார்க்க முடியும் என்று மலைக் கிராமங்களை விட்டு வைத்திருக்கிறவர்களையும் கேட்க வேண்டும். 2014 நவம்பரில் தர்மபுரியில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது மாநிலமே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அன்று அதிகம் பேசப்பட்ட காரணங்கள் எடைக்குறைவும் குறைமாதப் பிறப்பும்.

பிரசவத்துக்கு முன்பு செய்யக்கூடிய ஒன்று நிரூபணமாகியிருக்கிறது. முன்கூட்டியே வலி வந்துவிட்டது என்று தெரிந்ததும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன், 12 மணிக்கு ஒன்றாக நான்கு. லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் இதே வகை ஸ்டீராய்டு ஒன்றைக் குழந்தையின் நுரையீரலுக்காகச் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்ட சிகிச்சை. இந்த வகை ஊசி நெக் வருவதையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஸ்டீராய்டு செல்லின் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வின் மேலேயே அமர்ந்து, மூடிய பக்கங்களைத் திறக்க வைக்கிறது. கடிகாரத்தின் முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவது போல. வலி வந்த பெண்ணை 108-இல் ஏற்றுவதற்கு முன் கிராமத்திலேயே முதல் ஊசி போட்டால், ரோட்டில் போகும் நேரமும் மருந்து வேலை செய்யும் நேரமாகிவிடும்.

பால்தான் இதில் பெரிய விஷயம். அதற்குத் தனியாக இடம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

கருவிலிருக்கும் குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. கிருமி எதுவும் உள்ளே வராத இடத்தில் குடலுக்கு இந்த நீர் எதற்கு? மிஸ்டி குட், ஹேக்கம் குழுவினர் 2012-இல் இதற்கு ஒரு விடை கண்டார்கள். பனிக்குட நீரில் இருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி டி.எல்.ஆர்.4-இன் வாயைப் பொத்தி வைக்கிறது. சில ஆண்டுகளில் தாய்ப்பாலும் அதே வழியில், அதே காரணியைக் கொண்டு, அதே வாயைப் பொத்துவதை எலிகளில் காட்டினார்கள். பனிக்குடம் உடைந்து போனால் அந்த நீரின் வேலையை எடுத்துச் செய்ய இருப்பது தாய்ப்பால். நடுவில் இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளியில் காவலாளிகளை அடக்க யாருமில்லை.

பாலில் இன்னும் இருக்கிறது. குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரைகளை ஏன் தாயின் உடம்பு மெனக்கெட்டுச் செய்கிறது என்பது வெகுநாள் புதிர். அவை பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல கிருமிகளுக்கு இட்ட சோறு. அந்தச் சர்க்கரைகளில் டி.எஸ்.எல்.என்.டி. என்ற ஒன்று எலிகளை நெக்கிலிருந்து காப்பதை 2012-இல் கண்டார்கள். நெக் வந்த குழந்தைகள் குடித்த தாய்ப்பாலில் அது குறைவாக இருந்ததை 2021-இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. குடல் கிருமிகள் சர்க்கரைகளைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது ஹிஸ்டோன் சுற்றைத் தளர்த்தி வைக்கும். கிருமியின் சமையலறையிலிருந்து நேராக நம் மரபணுவின் நூற்கண்டுக்கு ஒரு கை நீள்கிறது. ஆனால் அளவு தப்பினால் இதே பியூட்டிரேட் மிக இளம் எலிக்குட்டிகளின் குடலைப் புண்ணாக்குகிறது, வளர்ந்த குட்டிகளை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. துளிர் இலை தின்ன வேண்டிய புழுவுக்கு முற்றிய இலை போட்ட கதை.

ஆலன் லூக்காஸ், டி.ஜே. கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து 1990-இல் வெளியிட்ட கணக்கை இன்றும் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். புட்டிப்பால் மாவு மட்டும் குடித்த குழந்தைகளுக்கு நெக் வந்தது தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு. தாய்ப்பால் குடித்தால் வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் குழந்தையும் பெரும்பாலும் தாய்ப்பால்தான் குடித்தாள். ஆனால் முதல் இரண்டு நாள் குடிக்கவில்லை. அந்த இரண்டு நாள் என் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருக்கிறது.

நடந்தது இதுதான். பிரசவம் ஒரு மருத்துவமனையில். குழந்தைக்கு மூச்சுத் திணறியதால் ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள், கூட அப்பன் போனான். சிசேரியன் செய்த தாய் இங்கே, குழந்தை அங்கே. தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். குழந்தை பக்கத்தில் இல்லாமல், யாரும் பீய்ச்சாமல் எப்படிச் சுரக்கும்? பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்கி, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது தொடர வேண்டும், முதலில் நாலு சொட்டு வந்தாலும் அதைச் சிரிஞ்சில் எடுத்து அனுப்ப வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நாலு சொட்டுதான் சீம்பால். மலையடிவாரத்து ஊர்களில் இன்னும் சில வீடுகளில் அதைக் கெட்ட பால் என்று தரையில் பீய்ச்சி விடுகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டியிலிருந்தும், இங்கே சித்தேரி மலையிலிருந்தும் கிளம்பும் ஒவ்வொரு ஆம்புலன்ஸிலும் குழந்தையோடு தாயும் ஏற வேண்டும். ஏற முடியாத நாளில் பாலாவது ஏற வேண்டும்.

தாய்ப்பால் கிடைக்கவே வழியில்லை என்றால் அடுத்தது மாவு டப்பா என்று நினைக்க வேண்டாம். தானமாகப் பெற்ற தாய்ப்பால் இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்குவார்கள். அதில் சில காப்புப் பொருட்கள் குறையும், ஆனால் மேலே சொன்ன சர்க்கரைகள் தாக்குப்பிடிக்கும். நல்ல கிருமிகளையே மருந்தாகக் கொடுக்கும் புரோபயாடிக் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நெக்கைக் குறைக்கிறது என்ற ஆய்வுகள் நிறைய உண்டு. அதே சமயம், அப்படிக் கொடுத்த கிருமியே ரத்தத்தில் கலந்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததையடுத்து 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிக் கொடுக்கிற பொருள் இல்லை அது.

மூன்றாம் நாள் தாயும் குழந்தை இருந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். அன்றுதான் அண்ணி சேனை வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். குடும்பத்தில் யார் கையால் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்பது நம்பிக்கை. சக்கரைத் தண்ணியைக் கிண்ணத்தில் கலக்கியே கொண்டு வந்திருந்தார். நர்ஸ் அதட்டவில்லை. "வாங்கம்மா, நீங்களே வைங்க" என்று அண்ணியைக் கை கழுவ வைத்து உள்ளே கூட்டிப் போனார். அண்ணன் மகள் அப்போதுதான் பீய்ச்சியிருந்த சீம்பாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துக் கொடுத்து, குழந்தையின் கன்னத்தின் உட்பக்கம் தடவச் சொன்னார். மஞ்சளாக, கெட்டியாக, இரண்டே சொட்டு. குழந்தை உதட்டைச் சப்புக் கொட்டியது. "இதுதாம்மா இவளுக்குச் சேனை" என்றார் நர்ஸ். அண்ணி வெளியே வந்து கிண்ணத்தை வாஷ்பேசினில் கவிழ்த்தார்.

பதின்மூன்றாம் நாள் பாலை நிறுத்திய பிறகும் பீய்ச்சுவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழந்தை டிரிப்ஸில் கிடந்த நாட்களில், குடிக்க ஆளில்லாத பாலை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து, அவள் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டப்பாவிலும் பிளாஸ்திரி ஒட்டித் தேதியும் நேரமும் தன் கையால் எழுதுவாள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. பத்து நாள் கழித்து எக்ஸ்ரேயில் குமிழி இல்லை, வயிறு 21-க்கு இறங்கியிருந்தது. பாலை மறுபடி தொடங்கிய அன்று நர்ஸ் ஃப்ரீசரைத் திறந்து, புதிதாகப் பீய்ச்சியதை விட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் உறைந்து கிடந்த டப்பாவைத் தேடி எடுத்தார். மூன்றாம் நாள் தேதி போட்ட சீம்பால். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உருக்கி, 1 மி.லி. அளந்து, குழாய் வழியே தானாக இறங்க விட்டார். அடுத்த 1 மி.லி. மூன்று மணி நேரம் கழித்து.